கோதண்டராமன் சமைக்கும் நாட்கள்

அடி அண்ணாமலையில் அந்த ஒரு தெருவில் மட்டும், மிளகாய் கருகும் நெடி வந்து எல்லாரும் தும்மினால் கஸ்தூரி தூரம் என்று அர்த்தம். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவள் தனிப் பாயும் தனித் தட்டுமாகப் பின்கட்டில் உட்கார்ந்துவிடுவாள். புருஷன் கோதண்டராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் இறங்குவான். டவுன் பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடங்களுக்குப் பேர் வெட்டுகிறவன் அவன். எழுத்து முத்து முத்தாக விழும். குழம்பு வைப்பதுதான் கடைசிவரை கைகூடவில்லை.

மற்ற பெண்கள் மூன்று நாள் ஒதுங்கியிருந்து, நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வருவார்கள். கஸ்தூரிக்கு அந்த நாலாம் நாள் லேசில் வராது. மாதத்தில் பாதி அப்படியே போகும். கிழிந்த புடவைகள் தீர்ந்து, கோதண்டராமனின் பழைய வேட்டிகளும் துணியாகிப் போயின. எழுந்து நின்றால் கண் இருட்டும். தெருவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? கொடுத்துவைத்த மகராசி, உட்கார்ந்த இடத்துக்குச் சோறு வருகிறது என்று குழாயடியில் கேலி பேசுவார்கள். அந்தச் சோற்றை ஒரு வாய் தின்றுவிட்டுப் பேசச் சொல்லி அவளும் சேர்ந்து சிரித்துவைப்பாள்.

எதிர்வீட்டு நாத்தனார் ராஜம்மாள், சூட்டு உடம்பு என்று வெந்தயமாக ஊறவைத்துக் கொடுத்தாள். வெந்தயம் தீர்ந்தது, உதிரப்போக்கு நிற்கவில்லை. எழுபத்தெட்டாம் வருஷம் அவளே டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்றார் அந்தம்மா. கார்த்திகை தீபம் முடிந்ததும் ஆபரேஷன் என்று நாளும் குறித்தாயிற்று. மடியில் இன்னும் ஒரு பிள்ளைகூட இல்லை. கோதண்டராமன் ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்றான். கஸ்தூரி டாக்டரிடம் சரியென்று தலையாட்டிவிட்டாள். பிள்ளை ஆசை இல்லாமலா? சொந்த வீட்டில் பாதி ஆளாக இருந்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

இதற்கிடையில் கடைவாய்ப் பல் ஒன்று குடைய ஆரம்பித்தது. அதையும் பிடுங்கிவிடலாமென்று தேரடித் தெரு பல் டாக்டரிடம் மூன்று பேருமாகப் போனார்கள். பல் சுலபமாக வந்துவிட்டது. ரத்தம்தான் நிற்பேனா என்றது. காலையில் வைத்த பஞ்சை மத்தியானம் வரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மயங்கிச் சாய்ந்தவளை ராஜம்மாள் மடியில் போட்டுக்கொண்டு வாயைத் துடைத்துவிட்டாள். டாக்டர் தையல் போட்டுவிட்டு, வேறு எங்கேயாவது இப்படி ரத்தம் ஜாஸ்தியாகப் போகுமா என்று கேட்டார்.

கஸ்தூரியின் வாய் நிறையப் பஞ்சு. ஆம்பிளை டாக்டரிடம் அதை எப்படிச் சொல்வதென்று ராஜம்மாள் சுவரைப் பார்த்தாள். கோதண்டராமன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மாசத்துல பாதி நாள் எங்க வீட்ல நான்தாங்க சமைக்கிறேன்."

டாக்டர் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. புரிந்துவிட்டது. "பாதி நாளா?" என்றார். ஆபரேஷன் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார். இவள் உடம்பில் யாரும் கத்தி வைக்கக் கூடாது, முதலில் வேலூருக்குப் போய் ரத்தத்தைச் சோதியுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

வேலூரில் சோதித்துச் சொன்னார்கள்: கர்ப்பப்பையில் ஒரு குறையும் இல்லை, ரத்தம்தான் பிறவியிலிருந்தே சரியாக உறைவதில்லை. அந்த ஆபரேஷன் நடந்திருந்தால் ஆள் பிழைத்திருப்பாளோ என்னவோ. உதிரப்போக்கு மட்டுப்பட மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளையும் பெறலாம், பிரசவத்துக்கு மட்டும் அங்கேயே வந்துவிட வேண்டும். திரும்பும் பஸ்ஸில் கோதண்டராமன் அவள் கையை விடவே இல்லை. ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த முறை தூரமான அன்று ராஜம்மாள் வழக்கம்போல் பின்கட்டில் பாயை விரித்தாள். கஸ்தூரி அதைத் தாண்டி நேரே அடுப்படிக்குள் நுழைந்தாள். ராஜம்மாள் பின்னாலேயே நிலைப்படிக்கு வந்து நின்று, என்ன அக்கிரமம் இது என்றாள்.

"பல்லு புடுங்கினப்ப வாய் நெறைய ரத்தம் வந்துச்சு. அப்போ தள்ளிப் போய் உக்காருன்னு நீங்க சொல்லலியே, அண்ணி. மடியில போட்டு நீங்கதான் தொடச்சீங்க. அதே ரத்தம்தான் இது."

கஸ்தூரி அடுப்பைப் பற்றவைத்து, உலை வைத்து, உப்புக்குக் கை நீட்டினாள். உப்பு இருந்த இடத்தில் காப்பித்தூள் இருந்தது. காப்பித்தூள் இடத்தில் கடுகு. பல் பிடுங்கிய நாளிலிருந்து கோதண்டராமனே சமைத்ததில், அடுப்படி முழுக்க அவன் கைப்பழக்கத்துக்கு மாறிப்போயிருந்தது. தன் வீட்டில் தனக்கே உப்பு இருக்கும் இடம் தெரியவில்லையே என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ராஜம்மாள் நிலைப்படியிலிருந்தே கை நீட்டிக் காட்டினாள்.

"அரிசிப் பானைக்குப் பின்னால இருக்குது பாரு. எடுத்துக்கோ" என்றாள்.