ராஜேஸ்வரி அக்கா விற்காத வீடு

கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் கூப்பிய கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. யாருக்கு என்று மேலே தள்ளிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ராஜேஸ்வரி அக்கா காலமாகிவிட்டார். அவர் வேதியியல், நான் தாவரவியல். ஒரே கட்டடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தோம். சிலர் அவரைப் ‘போராளி’ என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல் அவருக்குப் பிடிக்காது. “நான் யாரோட சண்ட போட்டேன்? படுத்துக் கெடந்தேன், டாக்டர் வெட்டினாரு” என்பார்.

குடலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடானது. காப்பீடு இருந்ததால் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். அக்கா மட்டும், “தையல் விட்டுப்போச்சுன்னா அந்தச் செலவும் இதுல அடங்குமா சார்?” என்று கேட்டார். அபசகுனமாகப் பேசுகிறாரே என்று தம்பி முத்தையா அவர் கையை அழுத்தினார். மருத்துவர் சிரித்தபடி, “அதெல்லாம் வராதும்மா” என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை.

வந்தது. இணைத்த குடல் கசிந்து, வயிற்றுக்குள் சீழ் பிடித்து, அவசரமாக மறுபடியும் திறந்தார்கள். மலம் வெளியேற வயிற்றில் பை பொருத்தினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே நாள்கள் போக, காப்பீட்டின் வரம்பு தாண்டிவிட்டது. செங்கோட்டையில் கடை வைத்திருக்கும் முத்தையா, குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில் இருந்த அக்காவின் வீட்டை வாங்க ஆள் பார்த்துவிட்டார். கணவரை இழந்த அக்காவுக்கும், படித்துக்கொண்டிருந்த மகளுக்கும் இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

நான் பார்க்கப் போன அன்று அக்காவுக்கு நினைவு தெளிந்திருந்தது.

“உசிரு முக்கியமா, செங்கல்லு முக்கியமாக்கா?” என்றார் முத்தையா.

“ரெண்டும் முக்கியம்லே. எம்மக எங்கன போவா? என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.”

“கூடப்பொறந்தவன் கைவிட்டுட்டான்னு ஊரு சொல்லும்.”

“ஊருக்காரன் பில்லு கட்டுதானா?”

முத்தையா அழுதார். மருத்துவமனை கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியது.

அரசு மருத்துவமனையில் காயம் ஆற மாதங்கள் ஆயின. மறு ஆண்டு அவர் வேலைக்குத் திரும்பியபோது குற்றாலத்தில் சீசன். சீசன் வந்தால் மேலகரத்தில் நோயாளிக்கு ஓய்வு கிடையாது. அருவியில் குளித்த உறவினர்கள் தோளில் ஈரத்துண்டோடு அப்படியே நலம் விசாரிக்க வந்துவிடுவார்கள். ஒரு பெரியம்மா, “அருவியில தெனமும் தலையக் காட்டுட்டி, அம்புட்டும் பறந்துரும்” என்றார். “அருவிக்கு இன்சூரன்ஸ் இல்லியே பெரியம்மா” என்றார் அக்கா. பெரியம்மா விழித்தார். நான் காப்பித் தம்ளரை வாயருகே வைத்துக்கொண்டு சமாளித்தேன்.

பிறகு நோய் ஈரலுக்கு வந்தது. தனியார் மருத்துவமனையிலேயே வைத்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் இருந்திருப்பாரோ என்று முத்தையா இப்போதும் கேட்கிறார். எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசுகிறவர்களை நான் நம்புவதுமில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு முத்தையா அக்காவின் மகளிடம், “எங்கூட செங்கோட்டைக்கு வந்துருட்டி” என்றார்.

“எங்க வீட்டுலயே இருக்கேன் மாமா” என்றாள் அவள். அதில் பிடிவாதமோ அழுகையோ இல்லை. மின்விசிறியைப் போட்டுவிட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். அவள் அதை அவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிந்ததே, அதைத்தான் நான் அக்காவின் நினைவாக வைத்துக்கொள்கிறேன்.