தோளுக்கு மேலே

அந்த அவுஸ்திரேலியரை நான் முதலில் கண்டது ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்து உணவகம் ஒன்றின் சமையலறையில். நான் அங்கே சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அவர் தரைக்கு ஓடு பதிக்க வந்திருந்தார். மேல்தட்டிலிருந்து பெரிய தகர டின் ஒன்று சரிந்தது. எம்பி, இரண்டு கையாலும் அந்தரத்தில் பிடித்தேன். அவர் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தரம் பாய்ந்து காட்டு என்றார். ஆளுக்கு விசர் என்று நினைத்தேன்.

மெல்பேர்னில் ஏழு பருவம் சம்பளத்துக்கு விளையாடியவர் அவர். அவர்கள் நாட்டுக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அல்ல. பந்து நீள்வட்டமாக இருக்கும். உதைக்கலாம், மூடிய கையால் குத்தலாம், எறிய மட்டும் கூடாது. உதைபட்டு வரும் பந்தை நிலத்தில் படாமல் பிடித்தால் எவரும் உங்களைத் தொட முடியாது, ஆறுதலாகக் குறிபார்த்து உதைக்கலாம். அப்படிப் பிடிக்க எதிராளியின் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறினாலும் குற்றமில்லை. முழங்கால் இரண்டு தரம் போனதும் கழகம் அவரோடு கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பிறகு ஜெர்மன் பெண்ணைக் கட்டி இங்கே வந்து, அதே முழங்காலில் நின்று ஓடு பதித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு புல்வெளியில் ஆள் சேர்த்து அந்த ஆட்டத்தை ஆடினார். நானும் போனேன். ஊரில் கரப்பந்தாட்ட வலைக்கு மேலே எழும்பிப் பழகிய உடம்பு எனக்கு. மூன்றாவது வாரமே, இருபது வருடத்தில் இப்படிப் பாய்கிறவனைக் கண்டதில்லை என்றார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அகதி மனு நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் கிடந்தது. தபால்காரரின் சைக்கிள் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். அந்த நேரத்தில்தான் அவர் ஒரு செய்தியோடு வந்தார். அவருடைய பழைய கழகத்துக்கு ஆட்டக்காரர் தேடுகிற மனிதர் ஹனோவரில் நடக்கும் போட்டியைப் பார்க்க வருகிறாராம். உன்னைப் பார்த்தால் விடமாட்டார், ஒரு வருட ஒப்பந்தம் நிச்சயம் என்றார். விசா எல்லாம் கழகம் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார். நம்பினேன். நம்புவதைத் தவிர என் கையில் வேறு என்ன இருந்தது? மெல்பேர்ன், மெல்பேர்ன் என்று முணுமுணுத்தபடியே சட்டி கழுவினேன்.

ஆனால் அகதி மனுக்காரன் அனுமதியில்லாமல் வேறு மாநிலத்துக்குப் போக முடியாது. அதற்கு ஒரு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுத வேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த அன்ட்ராக் என்றாலும் கையில் அகப்பட்ட தாளையெல்லாம் பிரதியெடுத்துக் கூடவே வைப்போம். தாள் கூடினால் ஜெர்மன்காரன் மனம் இரங்குவான் என்று ஒரு நம்பிக்கை. நானும் வைத்தேன். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் என் படம் வந்திருந்தது. எல்லோருடைய தலைக்கும் மேலே நான், வலது கை வானத்தை நோக்கி. அதையும் பெருமையோடு மேலாக வைத்து ஒட்டி அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த வாரம், அகதிகள் அலுவலகத்துக்கு இன்ன நேரம் வா என்று டெர்மின் வந்தது. மொழிபெயர்க்க, தேவாலயத்தில் அகதிகளுக்கு உதவுகிற அக்கா கூட வந்தார். அதிகாரி மேசையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அந்தப் படம். மற்றது நான் வந்த புதிதில் டாக்டர் எழுதிய கடிதம். இராணுவ முகாமில் கட்டித் தொங்கவிட்டதில் வலது கையைத் தோளுக்கு மேலே உயர்த்த முடியாது என்று அதில் இருந்தது. அது பொய் அல்ல. எழுதிய அன்று உண்மை. என் வழக்கே அந்தக் கடிதத்தில்தான் தொங்குகிறது என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். பிறகு கை குணமாகிவிட்டது. குணமானதற்காகப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"தம்பி, உந்தப் படத்தை ஆர் வைக்கச் சொன்னது?" என்றார் அக்கா.

"நான்தான் அக்கா வைச்சனான்."

அக்கா கண்ணை மூடித் திறந்தார். அதிகாரி ஏதோ சொன்னார். "கையைத் தூக்கிக் காட்டட்டாம். யோசிச்சுச் செய்யுங்கோ," என்றார் அக்கா.

யோசிக்க நேரம் எங்கே? கையைத் தூக்கினேன். தோள் மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினேன்.

"இதுக்கு மேலை ஏலாது எண்டு சொல்லுங்கோ அக்கா. அண்டைக்கு அந்த ஆட்டத்திலை விழுந்தனான். பிறகு பழையபடி ஆகீட்டுது."

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு, கை உயராதவருக்கு ஹனோவரில் என்ன விளையாட்டு என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அன்ட்ராக்கில் மறுப்பு முத்திரை விழுந்தது.

அவுஸ்திரேலியர் சமையலறைக்கே தேடி வந்தார். தோள் போய்விட்டது என்றேன். காயம் அறிந்த மனிதர். என் முழங்கையைப் பிடித்து மெல்ல உயர்த்தினார். தோள் மட்டத்தில் வலிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. தன் முழங்காலைத் தட்டிக் காட்டி, எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்றார். அந்த முகத்துக்கு நேரே நடித்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அதன் பிறகு புல்வெளிப் பக்கம் போகவில்லை. யாராவது படம் எடுத்துவிட்டால்? மூன்று வருடம் ரயிலில் கம்பியைக்கூட இடது கையால்தான் பிடித்தேன்.

வழக்கு வென்றது. நீதிமன்ற நடைபாதையில் அக்கா தீர்ப்பை வரிவரியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஊர் நிலைமை இருந்தது, முகாம் இருந்தது. கையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். இல்லை.

வெளியே வந்து வாசலில் நின்றேன். வலது கையைத் தூக்கினேன். தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி, முழுவதும் போனது.

"டாக்ஸி என்னத்துக்குத் தம்பி? ரயிலிலையே போவம்," என்றார் அக்கா.

நான் கையை இறக்கினேன்.