காருக்குப் போட்ட பந்தல்

போன வருடம் கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த நேரம். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற நெடுஞ்சாலையில், புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. கூடவே சிரிப்பும் வருகிறது.

நாங்கள் எலெக்ட்ரிக் கார் வாங்கி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் நான்தான் அதை அதிகம் ஓட்டுவேன். என் கணவரின் அக்காவுடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவோம். முகூர்த்தப் புடவை எடுக்க நானும் நங்கையும் மட்டும் காலையில் நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குப் போனோம்.

நங்கைக்கு அந்தக் கார் மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. சத்தமே வராத வண்டியில் உட்கார்ந்தால் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை என்பார். அன்றைக்குப் புடவைக் கடைக்காரர் காரை மரமே இல்லாத மைதானத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார். இரண்டு மூன்று கடை ஏறி இறங்கித் திரும்பி வந்தால் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை, சீட்டில் உட்கார முடியவில்லை. ஏசியை முழுதாக வைத்து, சேலம் நெரிசலில் ஊர்ந்து வெளியே வருவதற்குள் பேட்டரி நன்றாக இறங்கிவிட்டது. வழியில் சார்ஜ் போடலாம் என்று பார்த்தால் அங்கே ஏற்கெனவே வண்டிகள் காத்துக்கொண்டிருந்தன. வீடு போய்ச் சேருகிற அளவுக்கு இருக்கிறதே என்று கிளம்பிவிட்டேன்.

ராசிபுரம் பிரிவைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். முன்னால் போன வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. காற்றாலைக்கு இறக்கை ஏற்றிப்போன நீளமான டிரெய்லர் ஒன்று, பாலம் வேலை நடக்கிற இடத்தில் திரும்பும்போது இரண்டு பக்கச் சாலைக்கும் குறுக்கே மாட்டிக்கொண்டதாம். இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் வர முடியாது. கிரேன் வந்தால்தான் நகரும் என்றார்கள். மீட்டரைப் பார்த்தேன். பதினான்கு சதவீதம். அதில் பாதி இருந்தால் நாமக்கல் போய்விடலாம்.

எங்களுக்கு முன்னாலும் பக்கத்திலும் நின்றவை எல்லாம் லாரிகளும் ஒரு டவுன் பஸ்ஸும்தான். தார் ரோட்டிலிருந்து அனல் எழும்பி, தூரத்தில் நின்ற வண்டிகள் தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளிந்தன. ஏசியைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நங்கை கண்ணாடி வழியாக எங்கள் பின்னால் நின்ற பழைய வாடகை வேன் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வேன் கதவைத் திறந்துவைத்து, ஒரு இளைஞர் ஸ்கேன் படம் வைக்கிற பெரிய கவரால் உள்ளே யாருக்கோ விசிறிக்கொண்டிருந்தார்.

நங்கை இறங்கிப் போனார். போன வேகத்திலேயே திரும்பி ஓடி வந்தார். அறுபதை நெருங்குகிற நங்கை ஓடி நான் பார்த்ததே இல்லை.

"பச்சக் கொழந்தை கண்ணு. பொறந்து பத்து நாள்கூட ஆவுல. வகுறு அடுப்பாட்டம் சுடுது, அழுவக்கூட மாட்டீங்குது. கதவத் தொற."

எனக்கு என்ன ஏது என்று புரிவதற்குள், அந்த இளைஞர் தன் மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி கூட்டி வந்துவிட்டார். ஆபரேஷன் செய்து பிறந்த குழந்தை. அந்தப் பெண்ணால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. சேலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டதால், நாமக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தாய்வீட்டுக்குப் போகிறார்கள். குழந்தைக்குக் கம்பளித் துணி, தொப்பி, காலுறை எல்லாம் போட்டுச் சுற்றியிருந்தார்கள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

அவர்களைப் பின்சீட்டில் உட்காரவைத்தோம். அந்த இளைஞர் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டார். வண்டி அனுப்புகிறோம், ஆனால் எதிர்ப்பக்கமும் நெரிசல், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கும் பேசினோம். போனை எடுத்த நர்ஸ் பதறாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். சுற்றிய துணியை எல்லாம் எடுத்து மெல்லிய துணி மட்டும் போடுங்கள், ஏசிக் காற்று குழந்தை மேல் நேராகப் படக்கூடாது, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருங்கள், எந்தக் காரணத்துக்கும் மறுபடி வெயிலில் எடுத்துப் போகாதீர்கள், வழி கிடைத்ததும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்போதுதான் மீட்டர் ஞாபகம் வந்தது. கதவைத் திறந்து மூடித் திறந்ததில் உள்ளே இருந்த குளிர்ச்சி எல்லாம் போய், ஏசி திணறிக்கொண்டிருந்தது. பதின்மூன்று. பார்த்துக்கொண்டே இருக்கும்போது பன்னிரண்டு. இப்படியே போனால் கிரேன் வருவதற்குள் கார் செத்துவிடும். அதற்கப்புறம் ஏசியும் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியும் இல்லை. நங்கையை வெளியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன்.

"நம்ம ஊடு போயிச் சேர்றத அப்பறம் பாத்துக்கலாம்," என்றார். "இந்தப் புள்ளைக்கு என்ன செய்யோணும்? அதச் சொல்லு."

பின்னால் தூரத்தில் வெள்ளைக் கார் ஒன்று நின்றது. அதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று அந்த இளைஞர் ஓடினார். நின்ற இடத்திலேயே ஏசி போட்டு இன்ஜின் சூடேறி, அந்தக் காரின் பானெட்டைத் திறந்து ஆவி பறக்க நின்றுகொண்டிருந்தாராம் அதன் சொந்தக்காரர். நான் கார் வாங்கிய ஷோரூமில் சர்வீஸ் பார்க்கிற தம்பிக்குப் போன் போட்டேன். நின்ற வண்டியில் ஏசி அதிகம் சார்ஜ் சாப்பிடாது, வெயில்தான் சாப்பிடவைக்கிறது என்றார் அவர். ஏசியை இருபத்தாறில் வைத்து, வெளிக்காற்றை உள்ளே இழுக்காதபடி செய்து, கதவைத் திறக்காமல், கண்ணாடியில் வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் நீண்ட நேரம் தாங்குமாம்.

கண்ணாடியை மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு துண்டு. அவ்வளவுதான். நான் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தபோதே நங்கை டிக்கியிலிருந்து புடவைப் பையை எடுத்துவிட்டார். அட்டைப்பெட்டியைக் கிழித்து, அரக்குச் சிவப்பில் ஜரிகை போட்ட முகூர்த்தப் புடவையையும், கூடவே வாங்கிய பச்சைப் பட்டையும் உதறினார். நான் தடுக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டேன். பக்கக் கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கி, புடவை விளிம்பைச் செருகி, மறுபடி ஏற்றினோம். பக்கத்துக்கு ஒன்று, டிக்கிக் கதவின் இடுக்கில் செருகிப் பின்கண்ணாடிக்கு ஒன்று. கார் உள்ளே சிவப்பும் பச்சையுமாக ஒரு நிழல் விழுந்தது.

அந்தப் புடவைதான் எங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது. எங்களுக்கு வலதுபுறம், கொஞ்சம் முன்னால், திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டி ஒன்று நின்றது. அதன் பின்னால் அவர்களுடைய தண்ணீர் லாரி. நடுரோட்டில் காருக்குப் பட்டுப்புடவை கட்டுகிறார்களே என்று ரிக் டிரைவர் இறங்கி வந்தார். நாற்பது வயது இருக்கும், முழங்கை வரை கிரீஸ். ஏனுங்க இது என்று கேட்டார். சொன்னேன். உள்ளே எட்டிப் பார்த்தார். குழந்தையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். அவர் தன் ஆட்களைக் கூப்பிட்டு, தண்ணீர் லாரியைப் பின்னால் தள்ளச் சொல்லி, மலை மாதிரி இருந்த அந்த ரிக் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தார். எங்கள் காருக்குச் சரியாக மேற்கே கொண்டுவந்து நிறுத்தினார். பொழுது சாய ஆரம்பித்திருந்த நேரம் அது. வண்டியின் நிழல் அப்படியே கார் மேல் விழுந்தது. அது போதாது என்று, அவர்கள் படுக்க விரிக்கிற பெரிய தார்ப்பாயை எடுத்து, ஒரு ஓரத்தை ரிக்கில் கட்டி, மறு ஓரத்தைச் சாலையோர ஊர்ப்பலகைக் கம்பத்தில் இழுத்துக் கட்டினார்கள். நெடுஞ்சாலை நடுவில் என் காருக்கு ஒரு பந்தல்!

இதைப் பார்த்து ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றிப்போகிற லாரிக்காரர் காலிச் சாக்குகளைக் கொண்டுவந்து போட்டார். தண்ணீர் லாரியில் குழாயைத் திறந்து நனைத்து, கார் கூரை மேல் பரப்பினார்கள். முன்பக்கம் காற்றுப் போகிற இடத்தை மட்டும் மூடாதீர்கள் என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் காரைச் சுற்றியிருந்த தாரில் பாட்டில் தண்ணீரைத் தெளித்தார்கள். சாக்கு காயக் காய யாராவது ஒருவர் நனைத்தார்கள். யாரும் யாரையும் ஏவவில்லை.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்தேன். பதினொன்று. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். பதினொன்று. இன்னும் கொஞ்ச நேரம். அப்போதும் பதினொன்று! வெளியே நின்றவர்கள் கண்ணாடி வழியாக விரலைக் காட்டிக் கேட்பார்கள், நான் இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலைக் காட்டுவேன். அது ஒரு லாரியிலிருந்து அடுத்த லாரிக்கு என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல், எங்கோ தூரத்தில் நின்ற மொபெட்காரர்கூட இன்னும் பதினொன்றா என்று விசாரித்துவிட்டுப் போனார். இவ்வளவு பயத்துக்கு நடுவிலும் எனக்கு நெஞ்சு துள்ளிக்கொண்டிருந்தது.

பின்சீட்டில் நங்கை ஈரத் துணியால் குழந்தையின் கையையும் காலையும் ஒற்றிக்கொண்டே, அந்தப் பெண்ணிடம் இதமாகப் பேசிக்கொண்டிருந்தார். பால் கொடுக்கப் பார்த்தாள், குழந்தை வாயைத் திறக்கவில்லை. மறுபடி பார்த்தாள். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, குழந்தை முகத்தைச் சுளித்து, உடம்பை முறுக்கி, ஒரு அழுகை அழுதது பாருங்கள், கார் கண்ணாடியைத் தாண்டி வெளியே கேட்டது. வெளியே சாக்கு நனைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரிக் டிரைவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா வேறு எதுவுமா, எனக்குத் தெரியாது. குழந்தை பால் குடிக்க ஆரம்பித்தது. அந்தப் பெண் அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

கிரேன் வந்து டிரெய்லரை நேராக்கி நகர்த்தியபோது வெயில் தணிய ஆரம்பித்திருந்தது. சாதாரணமாக வழி விட்டதும் எல்லா வண்டியும் முண்டியடித்துக்கொண்டு கிளம்பும். அன்றைக்கு ஒரு வண்டிகூட நகரவில்லை. ரிக் ஆட்கள் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு, முன்னால் நடந்து போய் ஒவ்வொரு லாரியாக ஓரம் கட்டவைத்தார்கள். கூரைச் சாக்கைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி அப்படியே விட்டுவிட்டார்கள். ரிக் டிரைவர் என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்.

"இப்ப எவ்ளோங்க இருக்குது?"

பத்து என்றேன்.

"போதுமுங்க. பதறாம ஓட்டுங்க. வழியில நின்னுட்டா நாங்க பின்னாடியேதான் வாரோம், கட்டி இழுத்துட்டுப் போறம்."

இரண்டு பக்கமும் லாரிகள் நிற்க, நடுவில் என் கார் மட்டும் சத்தமில்லாமல் போனது. டிரைவர்கள் கதவைத் திறந்து நின்று கையசைத்தார்கள். பக்கவாட்டுக் கண்ணாடியில் அந்த ரிக் வண்டி நாமக்கல் வரைக்கும் தெரிந்தது.

கூரையில் கிழங்குச் சாக்கும், பின்னால் பட்டுப்புடவையுமாக ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றபோது, காவலாளி எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். மீட்டரில் நான்கு சதவீதம் மிச்சம். டாக்டர் பார்த்துவிட்டு, குழந்தைக்கு நீர்ச்சத்து குறைந்திருக்கிறது, சூடு இறங்கிவிட்டது, இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பிவிடலாம் என்றார். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நங்கை என் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வண்டி சத்தம் போடாததுகூட நல்லதுக்குத்தான், இல்லாவிட்டால் அந்தக் குழந்தை அழுதது அத்தனை பேருக்கும் கேட்டிருக்குமா என்றார்.

ரிக் வண்டிக்காரர்களுக்கு நன்றி சொல்லலாம் என்று வெளியே வந்தேன். என் கார் நல்லபடியாக உள்ளே நுழைந்ததைப் பார்த்துவிட்டு அவர்கள் போய்விட்டிருந்தார்கள். பெயர் கேட்கவில்லை, போன் நம்பர் வாங்கவில்லை. முகூர்த்தப் புடவையில் ஒரு ஓரத்தில் ஈரம் பட்டுச் சாயம் லேசாகப் பரவியிருந்தது. வேறு வாங்கித் தருகிறேன் என்று நங்கை சொன்னதற்கு, இதைத்தான் கட்டுவேன் என்று மணப்பெண் ஒரே பிடியாக நின்று அதைத்தான் கட்டினாள்.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஒரு வயது முடிந்துவிட்டது, தளர்நடை போடுகிறது என்று அதன் அப்பா போனில் சொன்னார். அன்றைக்கு நான் வெறுமனே முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்த வேனைத் திரும்பிப் பார்த்தது நங்கைதான். அந்த ஒரு பார்வை எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெயிலில் நிற்கிற எந்த வண்டியைப் பார்த்தாலும், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்க்காமல் இப்போதெல்லாம் என்னால் கடந்து போக முடிவதில்லை.