தொழுவ வாசலில் அருளாயி

இடஒதுக்கீட்டு மறியலில் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் சாலையோரம் காய்ந்து கிடந்த வருஷம் அது. ஊரும் காலனியும் முகம் கொடுத்துப் பேசாத அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர் மாதா கோயிலில், வைக்கோல் பரப்பிக் கட்டிய கிறிஸ்துமஸ் குடிலில் பாலன் இயேசு சொரூபம் காணாமல் போனது.

“குடில் கட்டின சவரிமுத்துதான் திருடன். இனி அவன் கோயிலுக்குள்ள காலை வைக்கக் கூடாது” என்றார் நாட்டாமை இருதயராஜ்.

காலனியைச் சேர்ந்த கூலிக்காரர் சவரிமுத்து தலைகுனிந்தார். மகள் அருளாயி குனியவில்லை. தோழிகள் எழில்மதியையும் ரோசாலியையும் கூட்டிக்கொண்டு குடிலுக்குள் நுழைந்தாள்.

“வைக்கோல் பாதி கம்மியா கீதுடி” என்றாள் எழில்மதி.

“குடில் வைக்கோலைத் தின்னா மாட்டுக்கு நோவு வராதுன்னு வருஷா வருஷம் அள்ளிக்கினு போறது யாரு?” என்று கேட்டாள் அருளாயி.

“நாட்டாமைதான்!” என்று கூவினாள் ரோசாலி.

மூவரும் அவர் வீட்டுத் தொழுவத்துக்கு ஓடினார்கள். தொட்டியில், வைக்கோலுக்கு நடுவே பாலன் சிரித்துக்கொண்டிருந்தார். பசு ஒன்று அவர் பாதத்தை நக்கியது.

சத்தம் கேட்டு வந்த நாட்டாமையின் முகம் வெளுத்தது. “வைக்கோலோட தெரியாம வந்துடுச்சி. எடுத்துக்கினு போய் வெச்சிடு, பாப்பா.”

“நான் தொட மாட்டேங்க. தொட்டா, திருடன் பொண்ணு பயந்து திருப்பிக் குடுத்துட்டான்னு சொல்லுவீங்க. நீங்களே தூக்கினு வந்து எங்கப்பா கையில குடுங்க.”

“இன்னா திமிருடி உனக்கு!”

“ஆமாங்க, திமிருதான்.” தொழுவ வாசலிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். தோழிகளும் உட்கார்ந்தார்கள். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

கடைசியில், மேல்துண்டில் பாலனை ஏந்திக்கொண்டு நாட்டாமை காலனித் தெருவில் நடந்தார். அவர் கால் அந்த மண்ணில் பட்டது அதுவே முதல் தடவை. வழிந்த கண்ணீரைத் துடைக்காமல், நிமிர்ந்த தலையோடு அருளாயி முன்னால் நடந்தாள்.