எட்டுக் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரன் வீட்டில் இருந்தால் வீட்டிலுள்ளவர்களுக்குத்தான் கஷ்டம். எங்கிட்டாவது போயிட்டு வாங்களேன் என்று என் வீட்டுக்காரி காலையிலேயே ஆரம்பித்துவிடுவாள். அப்படி ஒரு நாளில்தான் மகளுக்கு ஸ்பீக்கர் வாங்கும் வேலை என்னிடம் வந்தது.

மகள் நர்சிங் கடைசி வருஷம். ஜெர்மனியில் வேலைக்குப் போகவேண்டும் என்று, கூடப் படிக்கும் மூன்று பிள்ளைகளோடு சேர்ந்து அந்த ஊர் மொழியைப் படிக்கிறாள். நாலு பேருக்கும் ஒரே பழைய லேப்டாப். ஒருநாள் தங்கச்சிமடத்தில் எங்கள் வீடு, மறுநாள் இன்னொருத்தி வீடு. பரீட்சையில் ஒரு பகுதி முழுக்கக் காதால் கேட்டு எழுதுவது. மாதிரிப் பரீட்சையில் நாலு பேருமே அதில்தான் கவிழ்ந்தார்கள். லேப்டாப் சத்தம், தகர டப்பாவுக்குள் நண்டு பிறாண்டுகிற மாதிரி. இயர்போன் வாங்கலாமே என்றேன்.

"எட்டுக் காதுக்கு ரெண்டு முனைய வச்சு என்ன அய்யா செய்ய?" என்றாள்.

அடுத்த மாசம் நிஜப் பரீட்சை. அதில் தேறாவிட்டால் ஜெர்மனி இல்லை.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கீழக்கரை பாய் ஒருவரின் கடை. எங்கள் ஆட்களுக்கு ஸ்பீக்கர் என்றால் கோயில் திருவிழாவுக்குக் கட்டுவதுதான் அளவு. காற்றை மீறிப் படகுவரை கேட்கணும். அதனால் ஒன்றை ரோட்டோரம் வைத்துப் பாட்டுப் போடச்சொல்லி, எதிர்ப்பக்கம் போய் நின்று கேட்டேன். பஸ் ஹாரனைத் தாண்டி வந்தது. அதையே கட்டச் சொன்னேன். பாய் வேறொன்றைக் காட்ட வந்தார், நான் விடவில்லை.

சாயங்காலம் பிள்ளைகள் பாடத்தைப் போட்டார்கள். தடித்த ஆம்பிளைக் குரல் தெருவெல்லாம் முழங்கியது. எங்கள் ஊரில் கோயில் மைக்கில் அப்படியொரு குரல் வந்தால் எல்லார் கையும் நின்றுபோகும். யாரோ இறந்திருப்பார்கள், இல்லையென்றால் ஏதோ படகு கரை திரும்பியிருக்காது. எதிர்வீட்டு மயினி அடுப்பை அணைத்துவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தாள். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர்.

"ஒண்ணுமில்ல மயினி, ஜெர்மன்காரன் காய்கறி வாங்குறான்" என்றாள் என் வீட்டுக்காரி.

தெருவே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. சத்தத்தைக் குறைத்துப் பார்த்தாள். டும் டும் என்று அடி மட்டும் மிஞ்சியது.

"சத்தம் வருது. பேச்சு வரல அய்யா."

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பாய் முகம் சுளிக்காமல் பழையதை வாங்கி வைத்தார்.

"நேத்தே சொல்ல வந்தேன் அண்ணே. நீங்க கடலுக்கு எடுத்தீக, பிள்ளைக்கு எடுக்கல."

மகள் பாட்டே கேட்கவில்லை. தன் போனிலிருந்த பாடத்தைச் சத்தம் குறைத்துப் போட்டு, திரும்பி நின்று, காதில் விழுந்ததை உள்ளங்கையில் எழுதினாள். ஒன்றில் எல்லாம் நன்றாயிருந்தது. ஆனால் வயர் இல்லாமல் ஓடுவதால் ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும் முதல் சொல்லின் தலையை விழுங்கியது. இன்னொன்று லேப்டாப்பிலிருந்தே கரண்ட் உறிஞ்சும் ஜோடி. எங்கள் லேப்டாப்புக்குத் தன் உயிரே பெரும்பாடு. கடைசியில், கைக்குள் அடங்குகிற ஒன்று: தனியாகச் சார்ஜ் ஏறும், வயரும் மாட்டலாம், பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகலாம். விலையும் எங்களுக்குக் கட்டும். உப்புக்காத்துக்குத் தாங்குமா என்று மட்டும் நான் கேட்டேன். முகப்பில் இரும்பு வலை இல்லை, துணிதான் என்று தடவிக் காட்டிய பாய், உப்புக்குப் பயந்தால் தன்னாலேயே கீழக்கரையில் குடியிருக்க முடியாது என்றார்.

அன்றைக்குப் பாடம் சிநேகிதி வீட்டில். மகளைக் கூட்டிவர நான் போயிருந்தேன். வாசலில் நின்றால் குரல் கேட்கவே இல்லை. உள்ளே நாலு தலையும் அதைச் சுற்றிக் குனிந்திருந்தன. ஏதோ ஸ்டேஷன் அறிவிப்பாம். முடிந்ததும் நாலு பேரும் எழுதியதை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அப்புறம் ஒரே சிரிப்பு.

என்னம்மா சொல்றான் என்று கேட்டேன்.

"ரயில் பிளாட்பாரம் மாறிருச்சாம் அய்யா."

"அடடா, விட்டுட்டீகளா?"

"இல்ல. நாலு பேரும் ஏறிட்டோம்."