பார்வைக்காரனின் பங்கு

பார்படீன் குடாவுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் அமைதியைத் தேடித்தான் வருகிறார்கள். டொபேகோ தீவிலேயே அமைதியான மீனவக் கிராமம் இதுதான் என்று யாரோ ஒரு புண்ணியவான் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டான். அவன் வந்துபோன அன்று ரம் கடையில் கரண்ட் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் விடியுமுன் சேவல், ஆறு மணிக்கு மீன் வண்டிக்காரனின் ஹாரன், அதன்பின் ரம் கடை ஸ்பீக்கர். ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு சர்ச்சுகளும் போட்டி போட்டுக்கொண்டு பாடும். இத்தனையையும் ஒரே ஊதலில் அமுக்கிவிடுவது ஓர்வில் க்வாஷியின் சங்கு.

ஓர்வில்லுக்கு வயது அறுபத்திரண்டு. வேலை, உட்கார்ந்திருப்பது. குடாவின் வடக்கு முனையில், வாதாமரத்தடியில் இருக்கும் பாறைமேல் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும். பாரை மீன் கூட்டமாக உள்ளே வந்தால் தண்ணீருக்கடியில் கருநீலமாக ஒரு நிழல் நகரும். உடனே சங்கு ஊத வேண்டும். கேப்டன் ஹாலிஸ் படகில் போய்க் கரைவலையை வளைத்துப் போடுவான். ஊரே ஓடிவந்து கரையில் நின்று கயிற்றை இழுக்கும். கயிற்றைத் தொட்டவருக்கெல்லாம் பங்கு உண்டு. ஒரு விரலை வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்காருகிறவர்களுக்கும் உண்டு. ஆனால் முதல் பங்கு பார்வைக்காரனுக்கு. குவியலிலிருந்து அவனே பொறுக்கிக்கொள்ளலாம். முப்பத்தொரு வருடமாக ஓர்வில் கயிற்றைத் தொட்டதே இல்லை. எல்லோரும் இழுத்து முடித்தபிறகு நிதானமாக இறங்கி வருவான், பெண் பார்க்க வந்தவன் மாதிரி குவியலைச் சுற்றி வருவான், பெரிய மீனாக எடுத்துக்கொண்டு போவான்.

இவ்வளவு பெருமையிலும் ஒரே ஒரு சின்னக் குறை. ஓர்வில்லுக்குக் கண் தெரியவில்லை.

அடியோடு தெரியாமலில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்ற இந்தச் சொட்டு மருந்தை விடுங்கள் என்று போன வருடம் ஸ்கார்பரோ ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொல்லியனுப்பினார். மருந்தைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். எதற்கு டாக்டரிடம் போனாய் என்று கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றான். கண் போனவனை யார் பாறையில் உட்கார விடுவார்கள்? பாறை போனால் அவன் வெறும் ஓர்வில். ரம் கடை வாசலில் அப்படி வெறுமனே ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே இருந்தார்கள்.

அதனால் கூழைக்கடாக்களை வைத்து ஒரு வருடத்தை ஒப்பேற்றினான். மீனைப் பிடிக்கப் பறவை விழுந்தால் தண்ணீர் வெள்ளையாகத் தெறிக்கும். அந்த அளவுக்குத் தெரிந்தது. பறவை விழும், இவன் ஊதுவான், மீன் இருக்கும்.

"கழுகுக் கண்ணுய்யா உனக்கு!" என்று கேப்டன் முதுகில் தட்டுவான். ஓர்வில் அடக்கமாகத் தலையாட்டிக்கொள்வான்.

பாறைக்கு நேர் மேலே, மேட்டில், வெர்னா டிரிம்மின் வீடு. கடற்கரைக்கு வருகிறவர்களுக்குச் சுறா பொரித்து விற்பவள். சட்டியைக் கிண்டும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஓர்வில்லைக் கிண்டுவாள்.

"யோவ் ஓர்வில்லு! பாறை தேயுதுய்யா, கொஞ்சம் எந்திரிச்சு நில்லு!"

"நீ உன் சட்டியைப் பாரு தாயே, கருகுற வாசனை வருது."

அப்படியிருக்கும்போதுதான் பிர்கிட் வந்து சேர்ந்தாள். ஜெர்மனியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மூன்று வாரம் அமைதியாக இருக்கப் பணம் கட்டியிருந்தாள். இரண்டு நாள் ஸ்பீக்கரைக் கேட்டபின், ஊரில் சத்தமில்லாத ஒரே இடம் அந்தப் பாறைதான் என்று கண்டுபிடித்து நாற்காலியோடு வந்துவிட்டாள்.

"என்ன பாக்குறீங்க, மிஸ்டர் ஓர்வில்?"

"கடலை."

"எனக்கு வெறும் தண்ணிதான் தெரியுது."

"அதுக்கெல்லாம் பழக்கம் வேணும்மா," என்றான், வெறும் தண்ணீர்கூடச் சரியாகத் தெரியாதவன்.

அவள் தன் பைனாகுலரை நீட்டினாள். ஓர்வில் அதைக் கண்ணில் வைத்து ஒரு நிமிடம் அசையாமல் இருந்தான். "நல்ல சாமான்தான். ஆனா நமக்குத் தேவைப்படாது," என்று திருப்பிக் கொடுத்தான். பிர்கிட் அசந்துபோய் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலை அவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"அங்க பாருங்க! தண்ணி பெருசா கறுத்துக்கிட்டு வருது. பறவை வேற விழுது!"

பறவை விழுந்தது ஓர்வில்லுக்கும் தெரிந்தது. கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: கருநீலமா, பழுப்பா? கருநீலமென்றால் மீன். பழுப்பென்றால் மிதந்து வருகிற பாசி. பாசிக்கடியில் பொடிமீன் திரியும், பறவை அதற்கும் விழும். ஆனால் கேட்டால், உங்களுக்குத் தெரியவில்லையா என்பாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஓர்வில் கேட்கவில்லை.

"நான் அப்பவே பாத்துட்டேன்," என்று சொல்லிச் சங்கை எடுத்து ஊதினான்.

ஊர் திரண்டது. போலீஸ்காரர் ஸ்டேஷனைத் திறந்து போட்டுவிட்டு வந்தார். பஸ் டிரைவர் வண்டியை நடுரோட்டில் நிறுத்தினார். பயணிகளும் இறங்கிக் கயிற்றைப் பிடித்தார்கள். பிர்கிட் தொப்பியோடு ஓடினாள். வெர்னா சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். படகிலிருந்த கேப்டனுக்குப் பாசி பளிச்சென்று தெரிந்தது. ஆனாலும் அடியில் மீன் இல்லாமலா ஓர்வில் ஊதுவான் என்று நம்பி வலையை வளைத்தான். கழுகுக் கண்ணின்மேல் அத்தனை மரியாதை.

முக்கால் மணி நேரம் இழுத்தார்கள். என்ன கனம், என்ன கனம் என்று பூரித்தார்கள். பாஸ்டர் கர்த்தருக்கு முன்கூட்டியே நன்றி சொல்லிவிட்டார். மீன் சேரும் வலையின் மடி கரையேறியது. உள்ளே ஒரு லாரி அளவுக்குப் பாசி, தின்ன ஆகாத பேத்தை மீன் ஒன்று, இடது கால் செருப்பு ஒன்று.

புத்தகத்தில் எழுதியிருந்த அமைதி அன்றைக்குத்தான் பார்படீன் குடாவுக்கு முதன்முதலாக வந்தது.

கேப்டன் முகத்தைத் துளியும் மாற்றாமல் கையை நீட்டினான். "வழக்கம்னா வழக்கம். மொதப் பங்கு பார்வைக்காரனுக்கு. வாய்யா, நல்லதா பாத்துப் பொறுக்கிக்க."

சிரிப்பு மேடு வரை கேட்டது. பாசியையே பங்கு பிரித்தார்கள், தலைக்கு ஒரு அள்ளு. ஒவ்வொருவரும் தன் பங்கைக் கொண்டுபோய் ஓர்வில்லின் வாசலில் கொட்டினார்கள். பிர்கிட் மட்டும் தன் பங்கை மார்போடு அணைத்துக்கொண்டு, இதை எப்படிச் சமைப்பது என்று விசாரித்தாள்.

மத்தியானத்துக்குள் வெயிலில் பாசி நாறத் தொடங்கியது. ஓர்வில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். வெர்னா பாசியைக் காலால் ஒதுக்கிக்கொண்டு, தட்டில் பொரித்த சுறாவோடு வந்தாள்.

"சாப்புடு. உன் பங்கை வேக வைக்க நாளாகும்."

"நீயும் சிரிச்சிட்டுப் போ."

"கீழயே சிரிச்சிட்டேன்." அவள் தட்டை அவன் கையில் வைத்தாள். "எத்தனை நாளாய்யா கண்ணு தெரியல?"

அவன் தட்டைத் தடவி ஒரு துண்டை எடுத்தான்.

"போன மாசம் என் வீட்டுல டீயைக் கப்புக்கு வெளிய ஊத்துனியே, அன்னிக்கே தெரியும். இன்னிக்கு மேலருந்து பாசி நல்லாவே தெரிஞ்சுது, நீ பாத்து ஊதலன்னும் தெரியும்."

"தெரிஞ்சுமா வந்து கயித்தைப் புடிச்ச?"

"சங்கு ஊதி நான் இறங்கி வராத நாள் உண்டா? இன்னிக்கு நான் மட்டும் மேலயே நின்னிருந்தா, ஏன்னு கேட்டிருப்பாங்க. கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

ஓர்வில்லுக்கு அவமானமாக இருந்தது. காலையில் ஊரே சிரித்தபோதுகூட இந்த அளவுக்கு இல்லை. முப்பத்தொரு வருடம் மேலிருந்து வாய் ஓயாமல் வைதவள், இதை மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்திருக்கிறாள். சங்கை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"உன் வாசல்ல இருந்தே குடா பூராவும் தெரியும்ல?"

"எனக்கு ஊத வராது."

"வாய் இருக்குல்ல. அது போதும்."

அடுத்த வாரம் மேட்டிலிருந்து சங்கு கேட்டது, ஆட்டுக்கு வயிற்று வலி வந்ததுபோல. ஊர் குழம்பிப்போய்த்தான் இறங்கி வந்தது. கூட்டத்துக்குள் தடவித் தடவி வந்து, பிர்கிட்டுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தான் ஓர்வில்.

"நீங்களா, மிஸ்டர் ஓர்வில்? இன்னிக்கு நீங்க பாக்கலையா?"

"எனக்குக் கண்ணு தெரியாதும்மா," என்றான், முன்னும் பின்னும் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. "இழு."

மடி நிறையப் பாரை. கேப்டன் பழக்கதோஷத்தில் ஓர்வில்லைத்தான் முதலில் கூப்பிட்டான். ஓர்வில் மேட்டைக் காட்டிவிட்டு வரிசையிலேயே நின்றான். அவன் முறை வந்தபோது பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

"கேப்டன், அவர் நெசமாவே இழுத்தாரான்னு கேளுங்க!"

ஓர்வில் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. கேப்டன் எல்லோருக்கும் கொடுத்ததுபோல நான்கு மீனை எண்ணி அந்தக் கையில் வைத்தான். உப்பு பட்டு எரிந்தது. ஓர்வில் எல்லோர் எதிரிலும் அழுதான். வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.