சூட்டுப் பெட்டியில் குளிர்ந்த காற்று

காருக்குள் சூடேற்ற ஒரு பெட்டி என்றால் திருச்சிக்காரன் சிரிப்பான். நானும் சிரித்தவன்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில் பாலக்கரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன். ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவர் வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கிய அமெரிக்கக் காரில் அந்தப் பெட்டி இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை.

தை மாதம் வக்கீல் ஆள் அனுப்பி வீட்டுக்கு வரச் சொன்னார். அவருடைய பெண், குறைமாதத்தில் பிறந்த குழந்தையோடு கொடைக்கானலில் இருக்கும் கணவனிடம் போகவேண்டும். நாள் பார்த்தாகிவிட்டது, மறுநாள் காலை எட்டு மணிக்குள் கிளம்பியாகவேண்டும். குழந்தைக்கு நெஞ்சு பலவீனம். குளிர் பட்டால் மூச்சு இழுத்துவிடும். போய்ச் சேரும் வீட்டில் கணப்பு உண்டு, வழிதான் பயம். காருக்குள் சூடு வரும் என்று சொன்னதால்தான் டாக்டர் சம்மதித்தாராம்.

“விசிறி சுத்தறது. ஆனா காத்து ஜில்லுன்னுன்னா வரது!” என்றார் வக்கீல்.

“இதோ பாத்துடறேன், சாமி” என்று தைரியமாகத்தான் குனிந்தேன்.

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தது; ஊற்றினேன். இஞ்சினிலிருந்து பெட்டிக்குப் போகும் குழாயில் ஒரு திருகு மூடியிருந்தது, திறந்தேன். உள்ளே காற்று அடைத்திருக்குமோ என்று குழாயைத் தளர்த்தினேன். புஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் வந்தது. அரைமணி நேரம் இஞ்சினை ஓடவிட்டேன். காற்று மாறவில்லை. பெட்டிக்குள் போகிற குழாயையும் வருகிற குழாயையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே வெதுவெதுப்பு. அப்படியானால் பெட்டியில் கோளாறில்லை. இஞ்சினே சூடாகவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். போன சித்திரையில் இந்தக் கார் காவேரிப் பாலத்தில் கொதித்து நின்றபோது, உள்ளே இருந்த தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிந்தவன் நான். தண்ணீர் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் சின்னப் பித்தளைச் சாமான். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று நாங்கள் எல்லாருமே கழற்றுவோம். யாரிடமும் சொல்வதில்லை. வேறொன்று மெட்ராஸிலிருந்து வர நாலு நாள் ஆகும்.

பெட்டி கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல நின்றுகொண்டிருந்தேன். அப்போது அந்தப் பெண், சூடு வருகிறதா என்று பார்க்கக் குழந்தையோடு வந்து காரில் ஏறி உட்கார்ந்தார். துணிச் சுருளுக்குள்ளிருந்து விசில் மாதிரி மெல்லிய சத்தம் கேட்டது. குழந்தையின் மூச்சு.

“சாமி, பெட்டி நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னுது” என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“யாரைக் கேட்டுண்டு கழட்டினே?” வக்கீலின் கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. “நாளைத் தள்ளிப் போடவும் முடியாதே!”

ஒரு வழி இருக்கிறது என்றேன். ரேடியேட்டருக்கு முன்னால் சாக்கைக் கட்டினால் இஞ்சின் சூடாகும். ஆனால் மலை ஏறும்போது அவிழ்க்கவேண்டும், இல்லாவிட்டால் கொதித்துவிடும். மேலே பனியில் திரும்பக் கட்டவேண்டும். எப்போது கட்டுவது, எப்போது அவிழ்ப்பது என்பது டிரைவருக்குத் தெரியாது.

அந்தப் பெண் கத்தவில்லை. “அப்போ நீங்களும் வாங்கோ. உங்க கையாலயே கட்டுங்கோ” என்றார். கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

பாலக்கரைக்குத் திரும்பி முதலாளியிடம் சொன்னேன். “கொழந்தைய பத்திரமா கொண்டு சேத்துட்டு வா. ஒன்ன அப்புறம் வச்சுக்கறேன்” என்றார்.

மறுநாள் வழியெல்லாம் முன்சீட்டில் உட்கார்ந்து, காற்று வரும் இடத்தில் புறங்கையை வைத்துக்கொண்டே போனேன். மலையில் மூன்று இடத்தில் இறங்கிச் சாக்கை அவிழ்த்தேன், கட்டினேன். காது மட்டும் பின்சீட்டில் அந்த விசில் சத்தத்தின்மேலேயே இருந்தது. கொடைக்கானல் நெருங்கியபோது கண்ணாடிக்கு வெளியே ஒரே பனி. திடீரென்று சத்தம் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. தெரிந்த சாமி பெயரெல்லாம் மனசுக்குள் சொன்னேன்.

“கேட்டேளா?” பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல். “விசிறியைக் கொஞ்சம் கொறைக்கறேளா? தூங்கிடுத்து. கொழந்தைக்கு வேர்க்கறது.”

கையை நீட்டினேன். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவைதான் விசிறியின் திருகு விரலில் அகப்பட்டது.